பெயரில்லாப் பொத்தான்கள்

பங்சாரில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்

மலேசியாவின் ஒரு வெள்ளி நோட்டு 120 மில்லிமீட்டர் நீளம். ஐந்து வெள்ளி நோட்டு 135, பத்து வெள்ளி 140, நூறு வெள்ளி 150. 2012-இல் புழக்கத்துக்கு வந்த இந்த வரிசையில் மதிப்பு கூடக்கூட நோட்டின் நீளமோ அகலமோ கூடும். கண் தெரிந்தவர்கள் இதை அதிகம் கவனித்திருக்க மாட்டார்கள். நிறத்தைப் பார்த்தே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் உடம்புப்பிடி நிலையம் நடத்தும் பார்வையற்றவருக்கோ அந்தச் சில மில்லிமீட்டர்தான் வரவு செலவுக் கணக்கு. நோட்டை விரலோடு வைத்து அளந்து, பத்தைத் தனியாக, ஐம்பதைத் தனியாக மடித்து, பைக்குள் வைத்துக்கொள்வார். யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

இப்போது பணம் விரலுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. பிடித்து முடித்ததும் எழுந்திருக்கும் வாடிக்கையாளர், பணம் கட்டுவதற்காகச் சுவரில் ஒட்டியிருக்கும் டூயிட்நவ் கியூஆர் கட்டத்தைக் கைப்பேசியால் படம்பிடிக்கிறார். “கட்டிட்டேன் அண்ணே” என்று திரையை நீட்டிக் காட்டுகிறார். நீட்டப்பட்ட திரையில் அறுபது வெள்ளி இருக்கிறதா, ஆறு வெள்ளி இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்று அண்ணனுக்குத் தெரியாது. தன் கைப்பேசியை எடுத்துத் தானே சரிபார்க்க வேண்டும் என்றால், அவருடைய வங்கிச் செயலி அவரிடம் பேச வேண்டும். அது பேசும்படி எழுதப்பட்டிருக்கிறதா என்பதுதான் இன்றைய பேச்சு.

பங்சார் எல்ஆர்டி நிலையத்துக்கும் கேஎல் சென்ட்ரலுக்கும் நடுவில் வேறு நிலையம் கிடையாது. ஏறி நின்று கைப்பிடியைப் பிடிப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ். 2010 அக்டோபரில் அது லிட்டில் இந்தியா ஆனது. வளைவுகளும் வண்ணங்களும் வந்தன. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அது பார்வையற்றோரின் பேட்டையாகிவிட்டது. இன்று மலேசியப் பார்வையற்றோர் சங்கம் என்று அறியப்படும் அமைப்பு 1951-இல் தொடங்கியது. பிரிக்பீல்ட்ஸில் அது நடத்திய கர்னி பயிற்சி மையத்துக்கு நாட்டின் பல மூலைகளிலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள். கைத்தொழில் கற்றார்கள், உடம்புப்பிடி கற்றார்கள், பின்னர் கணினியும் கற்றார்கள். பலர் அங்கேயே தங்கிக் குடும்பம் நடத்தினார்கள். நடைபாதையில் பாதத்துக்குத் தெரியும்படி மேடு வைத்த மஞ்சள் கற்கள், சாலையைக் கடக்கச் சத்தம் கொடுக்கும் சமிக்ஞை விளக்குகள் எல்லாம் இவர்கள் நடமாட்டத்தால் அங்கே வந்தவை. அந்த மஞ்சள் கற்கள் மீதே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அப்பம் வாங்கப் போகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

இந்தப் பக்கம் பங்சாரிலும் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2016 ஜூலையில் பங்சார் வில்லேஜ் 2 கட்டடத்தில் ஸ்டார்பக்ஸ் ஒரு கடையைத் திறந்தது. செவித்திறனற்றவர்கள் சைகை மொழியிலேயே வேலை பார்க்கும் அந்த நிறுவனத்தின் முதல் கடை, உலகிலேயே, அதுதான். அமெரிக்காவில் அப்படி ஒன்று திறந்தது 2018-இல்தான். வாடிக்கையாளர் மெனு அட்டையில் வேண்டியதைக் குறித்துக் கொடுக்கலாம். காப்பி தயாரானதும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதற்குப் பதிலாகத் திரையில் எண் வரும். காது கேளாத ஊழியரை யாரும் மாறச் சொல்லவில்லை. காப்பி வாங்கும் முறையை மாற்றி அமைத்தார்கள். கேட்பவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை. நல்ல அகப்பக்க வடிவமைப்பு என்பது இந்த அளவுக்கு எளிமையான காரியம்தான். எளிமையான காரியத்தைச் செய்யாமல் விடுவதற்கு ஒரு மன்னிப்பும் கிடையாது.

பார்வையற்றவர் இணையத்தை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று பலருக்குத் தெரியாது. அவர் கைப்பேசியிலும் கணினியிலும் ஸ்கிரீன் ரீடர் இருக்கும். திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள் அது. ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். இரண்டும் 2009-இல் வந்தவை. கைப்பேசியோடு இலவசமாகவே வருகின்றன. கணினியில் ஜாஸ் என்ற விலை உயர்ந்த மென்பொருள் நெடுங்காலம் கோலோச்சியது. 2006-இல் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் என்விடிஏ என்ற மென்பொருளைத் தொடங்கினார்; அவரும் ஜேம்ஸ் டே என்ற இன்னொரு பார்வையற்ற இளைஞரும் சேர்ந்து அதை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தார்கள். காசில்லாத பார்வையற்றவருக்குக் கணினியின் கதவைத் திறந்துவிட்டது அந்த வேலைதான்.

ஸ்கிரீன் ரீடருக்குக் கண் கிடையாது. பக்கத்தின் அழகு அதற்குத் தெரியாது. பின்னால் எழுதியிருக்கும் எச்டிஎம்எல் குறியீடு என்ன சொல்கிறதோ அதையே அது சொல்லும். ஒரு பதிவுப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குப் பார்த்தால் பெயர், அடையாள அட்டை எண், கைப்பேசி எண், ஒப்புதல் கட்டம், அனுப்பும் பொத்தான் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. கட்டங்களுக்குப் பெயர் கட்டாமல் விட்டிருந்தால் காதில் விழுவது இதுதான்: “எடிட், காலி. எடிட், காலி. எடிட், காலி. செக் பாக்ஸ், குறிக்கப்படவில்லை. பட்டன்.” எந்தக் கட்டத்தில் பெயர்? எதில் எண்? எதற்கு ஒப்புதல் கொடுக்கிறோம்? அந்தப் பொத்தான் அனுப்புமா, எழுதியதையெல்லாம் அழித்துவிடுமா? கைப்பேசியில் டாக்பேக் இன்னும் வெளிப்படையாக, பெயரிடப்படாத பொத்தான் என்றே அறிவிக்கும். வரிசையாக ஐந்து பெயரில்லாப் பொத்தான்கள் இருந்தால், ஐந்தில் எதை அழுத்தினால் பணம் போகும் என்று ஊகித்து அழுத்த வேண்டியதுதான்.

இதைச் சரிசெய்ய ஆகும் செலவு, ஒரு கட்டத்துக்கு ஒரு வரி. ‘இந்தப் பெயர் இந்தக் கட்டத்துக்கு உரியது’ என்று குறியீட்டில் இணைத்துவிட்டால் போதும். உடனே அது “முழுப் பெயர், எடிட்” என்று சொல்லத் தொடங்கும். இன்னொரு பலனும் உண்டு. அப்படி இணைத்துவிட்டால் கட்டத்தைத் தொடாமல் பெயரைத் தொட்டாலும் கட்டம் திறக்கும். கை நடுங்கும் முதியவருக்கு அது பெரிய உதவி.

படங்களும் இப்படித்தான். படத்துக்கு மாற்று உரை எழுதாவிட்டால், பல சமயம் ஸ்கிரீன் ரீடர் கோப்பின் பெயரை வாசிக்கும்: ஐஎம்ஜி, அண்டர்ஸ்கோர், எண், டாட், ஜேபிஜி. கடையின் நேரமும் விலையும் அந்தப் படத்துக்குள்தான் இருக்கின்றன என்றால், கேட்பவருக்கு அந்தக் கடை இல்லை என்றே பொருள். இங்கே பங்சாரின் ஜாலான் தெலாவியில் உணவகம் நடத்துகிறவர்கள் தங்கள் மெனு எந்த வடிவத்தில் இணையத்தில் இருக்கிறது என்று இன்றிரவே பார்க்கலாம். படமாக இருந்தால், ஒரு நிலையம் தள்ளி இருக்கிறவருக்கு அது வெற்றுத் தாள்.

தலைப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண் தெரிந்தவர் ஒரு பக்கத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிப்பதில்லை; கண்ணை ஓடவிட்டு வேண்டிய இடத்தில் நிறுத்துகிறார். பார்வையற்றவரும் அதையேதான் செய்கிறார், வேறு வழியில். விசைப்பலகையில் எச் என்ற எழுத்தை அழுத்தினால் என்விடிஏயும் ஜாஸும் அடுத்த தலைப்புக்குத் தாவும். பழகியவர் ஒரு நீளமான பக்கத்தைச் சில நொடிகளில் அலசிவிடுவார். ஆனால் தலைப்பைத் தலைப்பு என்று குறியிடாமல் எழுத்தை மட்டும் பெரிதாக்கித் தடிமனாக்கி வைத்திருந்தால், தாவ இடம் கிடையாது. மெனுவின் நாற்பது இணைப்புகளையும் கேட்டு முடித்த பிறகே செய்தி வரும். ஒவ்வொரு பக்கத்திலும் அதே நாற்பது.

பார்வையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் மறந்துபோவார்கள். மவுஸைப் பிடிக்க முடியாதவர் விசைப்பலகையில் டாப் விசையால் நகர்கிறார். தான் எந்தப் பொத்தானில் நிற்கிறோம் என்பதை அதைச் சுற்றி வரும் கோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். அந்தக் கோடு அசிங்கமாக இருக்கிறது என்று வடிவமைப்பாளர்கள் ஒரே வரியில் அழித்துவிடுகிறார்கள். இருட்டறையில் விட்டது போல ஆகிறது அவருக்கு. காது கேளாதவருக்குக் காணொளியில் வசன வரிகள் வேண்டும். தானாக வரும் வசன வரிகள் மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் கலந்த நம் பேச்சில் சிக்கித் திணறும். மனிதர் ஒருவர் திருத்தியே ஆக வேண்டும். வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீட்டை நிமிடக் கணக்குக்குள் தட்டச்சு செய்ய முடியாதவர்கள் இருக்கிறார்கள். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து வைக்கும் நாகரிகம் நாற்பது வயதைத் தாண்டிய எல்லாரையும் வதைக்கிறது.

எது சரி என்று ஊகிக்க வேண்டிய அவசியமும் இல்லை. எழுதி வைத்திருக்கிறார்கள். உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ நிறுவிய டபிள்யூ3சி கூட்டமைப்பு, 1997-இல் அணுகல்தன்மைக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கியது. அதன் முதல் நெறிமுறைத் தொகுப்பு 1999 மே மாதம் வந்தது, இரண்டாம் பதிப்பு 2008 டிசம்பரில், 2.1 பதிப்பு 2018-இல், 2.2 பதிப்பு 2023 அக்டோபரில். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது வரை எண்ணாகவே கொடுத்திருக்கிறது. தொடும் பொத்தான் குறைந்தபட்சம் 24 பிக்சல் அகலமும் உயரமும் இருக்க வேண்டும் என்று புதிய பதிப்பு சொல்கிறது. எல்லாரும் இலவசமாகப் படிக்கலாம்.

படித்தவர்கள் குறைவு. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கிக் கருவியால் சோதிக்கிறது. 2024-இல் அவற்றில் 95.9 விழுக்காட்டுப் பக்கங்களில் குறை கண்டுபிடிக்கப்பட்டது. மிகுதியாகக் காணப்பட்ட குறை, மங்கலான எழுத்து. அடுத்தடுத்த இடங்களில் மாற்று உரை இல்லாத படம், பெயரில்லாத கட்டம், வெற்று இணைப்பு, பெயரில்லாத பொத்தான். ஆறே வகைப் பிழைகள்தான் கண்டறியப்பட்டவற்றில் பெரும்பகுதி. முந்தைய ஆண்டுகளிலும் அதே ஆறுதான். கடினமான தொழில்நுட்பம் எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை.

மலேசிய அரசாங்க அகப்பக்கங்களைத் திறப்பவர்கள் மேல் மூலையில் ஒரு சின்னப் பட்டையைப் பார்த்திருப்பார்கள். டபிள்யூ3சி என்றே அதற்குப் பெயர் எழுதியிருக்கும். அழுத்தினால் எழுத்தைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், நிறத்தை மாற்றலாம். மாற்றுத்திறனாளிகளை நினைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எழுத்தைப் பெரிதாக்கும் வசதி எல்லா உலாவியிலும் ஏற்கெனவே இருக்கிறது. மங்கலாகப் பார்ப்பவர் அதைத் தன் கருவியில் ஒருமுறை அமைத்து வைத்துக்கொண்டிருப்பார். முழுக்கப் பார்வையற்றவருக்கு நிற மாற்றத்தால் ஒரு பயனும் இல்லை. பட்டைக்குக் கீழே உள்ள படிவத்தில் கட்டங்களுக்குப் பெயர் இல்லையென்றால், படிக்கட்டை அப்படியே விட்டுவிட்டு வாசலில் சக்கர நாற்காலிப் படத்தை ஒட்டியது போலத்தான். டபிள்யூ3சி நெறிமுறை எந்தப் பக்கத்திலும் இப்படி ஒரு பட்டையை வைக்கச் சொல்லவே இல்லை.

இதையே வியாபாரமாக்கியவர்களும் உண்டு. ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் உங்கள் அகப்பக்கம் முழுவதும் நெறிமுறைக்கு ஏற்றதாகிவிடும் என்று விளம்பரம் செய்த ஆக்சஸிபி என்ற நிறுவனத்துக்கு, 2025-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் பத்து லட்சம் டாலர் கட்ட உத்தரவிட்டது. வாக்குறுதிக்கும் நடப்புக்கும் பொருத்தமில்லை என்பதே குற்றச்சாட்டு. மலேசியாவில் இப்படிப்பட்ட மேலொட்டுக் கருவியை விற்க வருபவரிடம் சிறு நிறுவனங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்தும் ஒருவர் எங்கள் படிவத்தை நிரப்பிக் காட்டினாரா?

அகப்பக்க அணுகல் பற்றிச் சட்டத்தின் முன் வந்த முதல் பெரிய வழக்குகளில் ஒன்று சிட்னி ஒலிம்பிக் வழக்கு. புருஸ் மகுவைர் பிறவியிலேயே பார்வையற்றவர். பிரெய்ல் புள்ளிகளாகத் திரையைக் காட்டும் கருவியால் இணையத்தைப் படிப்பவர். ஒலிம்பிக் அமைப்புக் குழுவின் அகப்பக்கத்தில் படங்களுக்கு மாற்று உரை இல்லை, விளையாட்டு வாரியான பக்கங்களுக்குப் போகும் வழி தடைபட்டிருக்கிறது, முடிவு அட்டவணைகளைப் படிக்க முடியவில்லை என்று 1999-இல் மனித உரிமை ஆணையத்திடம் புகார் கொடுத்தார். திருத்தினால் 22 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் செலவாகும் என்றது குழு. மகுவைர் தரப்பு நிபுணர்கள் அந்தக் கணக்கை மறுத்தார்கள். சில வாரங்களில் சிறிய குழு முடித்துவிடும் வேலை என்றார்கள். 2000 ஆகஸ்டில் ஆணையம் மகுவைர் பக்கம் தீர்ப்பளித்து, போட்டி தொடங்கும் நாளுக்குள் திருத்தச் சொன்னது. குழு முழுமையாகத் திருத்தவில்லை. 20,000 டாலர் இழப்பீடு கட்ட நேர்ந்தது. பணம் சிறியதுதான். ஆனால் ஒரு படத்துக்கு மாற்று உரை எழுதாதது பாகுபாடு என்று ஒரு சட்ட அமைப்பு அப்போது சொல்லிவிட்டது.

நமக்கு இன்னும் நெருக்கமான தீர்ப்பு 2025 ஏப்ரல் 30 அன்று டில்லியில் வந்தது. பிரக்யா பிரசூன் என்பவர் அமிலத் தாக்குதலில் முகமும் கண்களும் சிதைந்தவர். வங்கிக் கணக்கு தொடங்கப் போனார். உயிரோடு இருப்பவர்தானா என்று உறுதிசெய்ய, கைப்பேசிக் கேமராவின் முன் கண்ணைச் சிமிட்ட வேண்டும் என்றார்கள். அவரால் சிமிட்ட முடியாது. அவர் வழக்கோடு, முழுப் பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயின் தொடுத்த வழக்கும் சேர்ந்து இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஆர். மகாதேவனும் விசாரித்தார்கள். மின்னணுச் சேவையை எட்டும் உரிமை, இந்திய அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கியது என்று தீர்ப்பு சொன்னது. கண் சிமிட்டாமலே அடையாளத்தை உறுதிப்படுத்த மாற்று வழி வேண்டும் என்பது உட்பட 20 கட்டளைகள் அதில் இருக்கின்றன. மலேசியாவிலும் வங்கிக் கணக்கைக் கைப்பேசியில் முகம் காட்டித் தொடங்கும் காலம் வந்துவிட்டது. அந்தத் தீர்ப்பின் கட்டளைகளை இங்குள்ள வங்கிகளின் செயலிக் குழுக்கள் வரிவரியாகப் படிக்க வேண்டும்.

மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது? 2008-இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. சட்டம் 685 என்பார்கள். அதன் 30-ஆம் பிரிவு தகவல், தொடர்பு, தொழில்நுட்பம் மூன்றையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பெறும் உரிமையைத் தருகிறது. உரிய நேரத்தில், கூடுதல் செலவு இல்லாமல், உகந்த வடிவத்தில் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வாசிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் கொடுக்காவிட்டால் என்ன தண்டனை என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. மறுபுறம் 41-ஆம் பிரிவு, நல்லெண்ணத்தோடு செய்ததற்கோ செய்யாமல் விட்டதற்கோ அரசாங்கத்தின் மீது வழக்குப் போட முடியாதபடி காப்பு கொடுக்கிறது. 2010 ஜூலையில் மலேசியா ஐநாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தத்தை ஏற்றது. அதன் 9-ஆம் பிரிவு இணையத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் தனிமனிதர் புகாரை ஐநா குழுவிடம் கொண்டுபோக வழிசெய்யும் துணை ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம், பாலினம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. உடற்குறை அந்த வரிசையில் இல்லை. பாலினம் என்ற சொல் 2001-இல் சேர்க்கப்பட்டது. ஒரு சொல்லைச் சேர்க்க முடிந்த நாட்டில் இன்னொரு சொல்லையும் சேர்க்க முடியும்.

சக்கர நாற்காலியில் இருந்தபடியே மேலவையில் செனட்டராக அமர்ந்த பத்மாவதி கிருஷ்ணனும், ஸ்டார் நாளேட்டில் பல ஆண்டுகள் ‘வீல் பவர்’ பத்தி எழுதிய அந்தோணி தனசாயனும் கட்டடம், பேருந்து, நடைபாதை என்று விடாமல் பேசியவர்கள். அந்தக் குரல்களால் சாய்தளமும் மின்தூக்கியும் பொதுப் பேச்சில் இடம்பிடித்தன. அகப்பக்கத்துக்கு அப்படி ஒரு குரல் இன்னும் போதிய அளவு எழவில்லை. சாலையில் படி இருந்தால் எல்லார் கண்ணிலும் படுகிறது. பெயரில்லாப் பொத்தான் அதில் தடுக்கி விழுந்தவருக்கு மட்டுமே தெரிகிறது.

இனித் தமிழுக்கு வருவோம். இதில் அரசாங்கத்தையோ வங்கியையோ காரணம் காட்ட முடியாது. பொறுப்பு முழுக்க நம்முடையது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் பொதுவாழ்வு இன்று வாட்ஸ்அப் படங்களில் நடக்கிறது. தைப்பூச ரத ஊர்வல நேரம், தமிழ்ப்பள்ளி முதலாமாண்டுப் பதிவு, கோவில் கும்பாபிஷேகம், இரங்கல் அறிவிப்பு, உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாள் எல்லாம் வண்ண வண்ணப் படங்களாகப் பறக்கின்றன. பார்வையற்ற தமிழருக்கு அந்தக் குழுவில் நாளெல்லாம் கேட்பது ‘படம்’, ‘படம்’, ‘படம்’. சொந்தக்காரர் இறந்த செய்தியைக்கூட யாராவது வாசித்துச் சொன்னால்தான் உண்டு. படத்தோடு அதே செய்தியை நாலு வரியில் தட்டச்சு செய்து சேர்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. படத்தை அனுப்புகிறவரிடம் அந்த எழுத்து ஏற்கெனவே இருக்கிறது. படம் செய்ய அதைத்தானே ஒட்டினார்.

எழுத்துரு சிக்கல் ஒன்றும் உண்டு. யூனிகோடுக்கு முந்திய பழைய தமிழ் எழுத்துருக்களில், உள்ளே இருப்பது ரோமன் எழுத்துகளும் குறிகளும். மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கும். கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது ஸ்கிரீன் ரீடருக்கு வெறும் உளறலாகக் கேட்கும். அச்சுக்குத் தயாரித்த பழைய பிடிஎஃப் இதழ்களிலும் நூல்களிலும் இந்தத் தொல்லை மிகுதி. கணினித் தமிழின் வரலாற்றில் கோலாலம்பூருக்குத் தனி இடம் உண்டு. முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் இந்த நாட்டுக்காரர். உத்தமம் அமைப்பின் தமிழ் இணைய மாநாடு 2001-இல் கோலாலம்பூரில்தான் கூடியது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. இத்தனைக்குப் பிறகும் ஒரு சங்கத்தின் ஆண்டறிக்கை பழைய எழுத்துருவில் வெளிவந்தால், அதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

மொழிக்குறியை மறப்பது இன்னொன்று. ஒவ்வொரு பக்கத்திலும், ஒவ்வொரு பத்தியிலும்கூட, இது எந்த மொழி என்று குறியீட்டில் சொல்ல முடியும். சொன்னால் ஸ்கிரீன் ரீடர் அந்த மொழிக் குரலுக்கு மாறிக்கொள்ளும். சொல்லாவிட்டால், தேடுவதற்கான ‘சாரி’ என்ற மலாய்ப் பொத்தானை ஆங்கிலக் குரல் ‘கேரி’ என்று படிக்கும். தமிழ்ப் பத்தி வந்தால் சில ஆங்கிலக் குரல்கள் ஒன்றுமே சொல்லாமல் தாண்டிப் போய்விடும். கேட்பவருக்கு அங்கே ஒரு பத்தி இருந்ததே தெரியாது. மும்மொழிப் பக்கங்கள் இந்த நாட்டில் ஏராளம் என்பதால், இந்தச் சிறு குறி மற்ற இடங்களைவிட இங்கே முக்கியம். தமிழ்க் குரல்கள் ஆண்ட்ராய்டிலும் இருக்கின்றன, ஐபோனிலும் இருக்கின்றன, என்விடிஏயோடு வரும் இலவசக் குரலிலும் இருக்கின்றன.

இந்த அரங்கில் இருக்கும் வடிவமைப்பாளர்கள் நாளைக்கே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மவுஸை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, டாப் விசையை மட்டும் வைத்துத் தங்கள் பக்கத்தில் ஒரு பொருளை வாங்கிப் பார்க்கட்டும். பிறகு கைப்பேசியில் டாக்பேக்கைப் போட்டு, திரையை மறைத்துவிட்டு, அதே பொருளை மறுபடி வாங்கிப் பார்க்கட்டும். பழக்கமில்லாதவருக்குத் தடுமாற்றம் இருக்கும் என்பதைக் கழித்துவிட்டாலும், பெயரில்லாப் பொத்தான்கள் உடனே அகப்படும்.

ஆனால் அந்தச் சோதனை போதாது. அன்றாடம் ஸ்கிரீன் ரீடரோடு வாழ்பவர் பத்து நிமிடத்தில் கண்டுபிடிப்பதைக் கண் தெரிந்தவர் ஒரு வாரம் தேடினாலும் தவறவிடுவார். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேட வேண்டிய நிலை பங்சாரில் யாருக்கும் இல்லை. அரசாங்கமும் வங்கியும் தமிழ்ச் சங்கமும் அகப்பக்கம் செய்யக் குத்தகை விடும்போது மூன்று விஷயங்களை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்: டபிள்யூ3சி நெறிமுறையின் 2.2 பதிப்பில் ‘இரட்டை ஏ’ எனப்படும் தர நிலை எட்டப்பட வேண்டும்; பார்வையற்றவர், காது கேளாதவர், விசைப்பலகையை மட்டும் பயன்படுத்துபவர் சோதித்த அறிக்கை இல்லாமல் கடைசித் தவணைப் பணம் இல்லை; சோதிப்பவர்களுக்கு மற்ற நிபுணர்களுக்கு உரிய சம்பளம், தேநீரும் நன்றியும் மட்டும் அல்ல. முதல் சோதனை நாள், வடிவமைப்பாளரின் வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைப்பதற்கு முன்பே வந்தாக வேண்டும். அப்போது ஒரு பொத்தானுக்குப் பெயர் வைப்பது ஒரு வரி வேலை. பக்கம் வெளியான பிறகு அதுவே 22 லட்சம் டாலர் என்று ஒருவர் கணக்குக் காட்டுவார்.